டை முழுசாகப் போயிருந்தது

நவம்பர் கடைசியில் ஷபானா போன் செய்தாள். நான் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், மூளை ஆபரேஷன் தியேட்டரில், இப்போது அவள்தான் டெக்னீஷியன்களுக்கு இன்சார்ஜ். மும்பையில் தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் இறங்கி இங்கிலீஷில் முடிப்பாள்.

"அங்கிள், அசோசியேஷன்ல மலர் போடறோம். ரிட்டையர் ஆன எல்லாரும் ஒரு ஆர்ட்டிகிள் தரணும், கம்பல்சரி. உங்களுக்கு டாபிக் நானே ஃபிக்ஸ் பண்ணிட்டேன். அந்த டை கதை."

"எந்த டை கதை?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"அரே, நீங்க தப்பை ஒத்துக்கிட்ட கதை! ஒவ்வொரு நியூ பேட்சுக்கும் ஃபர்ஸ்ட் டே அதைத்தான் சொல்றேன். உங்க கையால வந்தா நல்லா இருக்கும்ல?"

எனக்குத் தமிழில்தான் எழுத வரும் என்று தப்பிக்கப் பார்த்தேன். "தமிழ்லயே எழுதுங்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஹிந்தில நான் மாத்திக்கறேன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இப்போ டை போட நாமளே வேணாம் அங்கிள். பம்ப் வந்துடுச்சு. எவ்ளோ போச்சு, எப்போ போச்சு, எல்லாம் ஸ்க்ரீன்ல வருது. நம்மள யாரும் கேக்கறதே இல்ல" என்றாள்.

அவளுக்கு அதில் வருத்தம். என் வருத்தம் வேறு. அந்தப் பாழாய்ப்போன பம்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

ஏனென்றால் ஷபானா வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிற அந்தக் கதை பொய். அவள் மேல் குற்றமில்லை, அவளுக்குச் சொன்னவர்கள் மேலும் குற்றமில்லை. பொய்யை உண்டாக்கினவன் நான்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன். அம்மா வாசிக்கும்போது நடுவில் எழுந்து போகாமல் கேள், ஷபானா.

என் பெயர் பரமசிவன். பிறந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பன்னிரண்டாவது முடித்து, வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளி, அப்புறம் மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பை முடித்துத் தியேட்டருக்குள் நுழைந்தேன். கல்யாணமானதும் ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோனோம். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மீதியெல்லாம் பரீட்சையும் பசியும்.

தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ஒரு இடம் பலவீனப்பட்டு மொட்டு மாதிரி புடைத்துக்கொள்ளும். அனியூரிசம் என்பார்கள். அது வெடித்தால் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. வெடித்தும் பிழைத்து வந்தவர்களுக்கு, மறுபடி வெடிப்பதற்குள் மண்டையோட்டைத் திறந்து அந்தப் புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன க்ளிப் போட வேண்டும். துணி காயப்போடுகிற க்ளிப்பின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ளிப் புடைப்பை மட்டும் பிடிக்க வேண்டும். ஆனால் பக்கத்திலேயே மெல்லிய கிளைக் குழாய்கள் ஓடும். அதில் ஒன்று க்ளிப்பின் வாயில் மாட்டிக்கொண்டால், அந்தக் கிளையை நம்பியிருக்கிற மூளைப் பகுதி பட்டினியில் செத்துப்போகும். அது கையாக இருக்கலாம், காலாக இருக்கலாம், பேச்சாக இருக்கலாம்.

மாட்டியிருக்கிறதா இல்லையா என்று அங்கேயே பார்க்கத்தான் டை, ரத்தத்தில் கலந்து ஒளிர்கிற சாயம். சின்னக் குப்பியில் கரும்பச்சைப் பொடியாக வரும். அதோடு வருகிற தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சலைனில் கரைக்கக் கூடாது. வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும். கரைத்ததைப் பாதிப் பாதியாக இரண்டு சிரிஞ்சில் எடுத்து வைப்பேன். க்ளிப் போடுவதற்கு முன்னால் ஒன்று, போட்ட பிறகு ஒன்று. டாக்டர் சொன்னதும் கழுத்து நரம்பில் போட்டிருக்கிற லைனில் ஒரே அழுத்தாக அழுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ளி ட்யூபைக் கழுவிவிட வேண்டும். கழுவாவிட்டால் பாதி டை ட்யூபிலேயே தங்கிவிடும். கழுவி முடித்து "கயா" என்பேன். போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் என்னுடையது. அதை நம்பித்தான் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள்.

விளக்கை அணைத்து, மைக்ராஸ்கோப்பை வேறு ஒளிக்கு மாற்றுவார்கள். சுவரில் இருக்கிற மானிட்டர் முழுக்க இருட்டாகிவிடும். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் அந்த இருட்டில் முதலில் பெரிய குழாய் வெள்ளையாக எழும், அப்புறம் கிளைகள், அப்புறம் கிளையின் கிளைகள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். ஒளிர்கிற குழாயில் ரத்தம் ஓடுகிறது. ஒளிராத குழாயில் ஓடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. டை சரியாக உள்ளே போனால், விரலில் மாட்டியிருக்கிற ஆக்ஸிஜன் மீட்டர் ஏமாந்துபோய், எண் சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். ஒன்றும் ஆபத்தில்லை. டை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆரம்ப காலத்தில் ஒரு டாக்ஸி டிரைவருக்கு இப்படிப் பார்க்கும்போது ஒரு கிளை இருட்டாகவே நின்றது. டாக்டர் க்ளிப்பை எடுத்து நூலளவு தள்ளிப் போட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி டை. கிளை ஒளிர்ந்தது. அந்த டிரைவர் பத்தாம் நாள் தன் காலால் நடந்து போனார், போகும்போது எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். ஆகவே இருட்டான கிளை என்றால் என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இனி எங்கள் பெரிய டாக்டர். படே சாப் என்போம். கை அவ்வளவு சுத்தம். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பாகிவிட்டால், உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டாலும் சரி, டேபிள் ஒரு விரல்கடை உயர்ந்துவிட்டாலும் சரி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மெதுவாக "கிஸ்கா?" என்பார். யாருடையது, அதாவது யாருடைய தப்பு. அப்புறம் கை அசையாது. யாராவது "மேரா, சர்", என்னுடையது சார், என்று சொல்லும்வரை அப்படியே நிற்பார். சொன்னதும் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். அதற்குமேல் திட்டு கிடையாது, மெமோ கிடையாது, மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

நான் சேர்ந்த புதிதில், என் தப்பே இல்லை சார் என்று ஒரு நாள் வாதாடினேன். தியேட்டர் இன்சார்ஜ் தங்கம்மா சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். "தலை திறந்து கிடக்கு, நீ வக்கீல் வேலை பாக்கறியா? ஒத்துக்கோ. பத்து செகண்ட்ல தீர்ந்தது. யார் தப்புன்னு கடவுளுக்குத் தெரியும்."

அன்று முதல் நான் நல்ல பிள்ளையானேன். நான் மட்டுமில்லை. டீக்குப் பால் வாங்க முறை வைத்திருந்த மாதிரி, தப்பை ஒத்துக்கொள்ளவும் நாங்கள் முறை வைத்திருந்தோம். "இன்னிக்கு யாரு?" என்று காலையிலேயே கேட்டுச் சிரிப்போம். ஆபரேஷன் நிற்காமல் நடக்கும், நோயாளிக்கும் அதுதானே நல்லது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த முறை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் செல்வக்கனி டீச்சர் வந்தார். தாராவியில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், முப்பத்தெட்டு வயது. வகுப்பில் நிற்கும்போதே தலையில் இடி இறங்கின மாதிரி வலி வந்து விழுந்திருக்கிறார். வீட்டுக்காரர் ஜெபராஜ் பேக் தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். இடது பக்கம் அனியூரிசம், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில்.

தமிழ் ஆட்கள் அட்மிட் ஆனால் வார்டு நர்ஸ்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த அம்மாவுக்குத் தலைவலியிலும் கேள்வி ஓயவில்லை. டை பச்சையா இருக்கும் என்றால் ஏன் என்பார். விளக்கை அணைப்பாங்க என்றால் ஏன் என்பார். எனக்கே பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை.

"கோவிச்சுக்காதிய அண்ணாச்சி" என்று சிரித்தார். "கிளாஸ்லயும் இப்படித்தான். பிள்ளைங்க மொதல்ல சொல்லுத பதில் பயத்துல வாரது. விடாம ரெண்டாவது, மூணாவது ஏன் கேட்டாத்தான் நெசம் வெளிய வரும்."

நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா அண்ணாச்சி? எனக்கு வாய்தான் சோறு."

"நான் உள்ளதான் இருப்பேன் டீச்சர். பாத்துக்கிடுதேன்" என்றேன். ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது. ஜெபராஜ் லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, உள்ள நம்ம ஆளு இருக்கது தெம்பா இருக்கு என்றார்.

மறுநாள் காலை. மண்டையோட்டைத் திறந்து, முதல் டை போட்டு எல்லாக் குழாய்களையும் பார்த்தாயிற்று. பார்த்த கிளைகள் எல்லாம் ஒளிர்ந்தன. க்ளிப் போடப் போகும்போது புடைப்பு கசிந்துவிட்டது. படே சாப் ரத்தத்தை அடக்கி க்ளிப்பை உட்கார்த்தி முடிக்கும்போது எல்லோருடைய முதுகும் நனைந்திருந்தது. மூளை வீங்க ஆரம்பித்திருந்தது. மயக்க மருந்து டாக்டரம்மா, பிரஷர் நிற்கவில்லை, சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழாயில் ரத்த ஓட்டத்தைக் காதால் கேட்கிற கருவி ஒன்று உண்டு, அது அந்த வாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது என் கையிலிருந்த இரண்டாவது சிரிஞ்சுதான்.

அழுத்தினேன். சலைனால் கழுவினேன். "கயா" என்றேன். ட்யூபில் ஒரு பச்சைப் பொட்டுகூட இல்லை, கண்ணால் பார்த்தேன். ஆக்ஸிஜன் எண் இறங்கி ஏறியது, அதையும் பார்த்தேன். மானிட்டரில் பெரிய குழாய் பளிச்சென்று எழுந்தது. புடைப்பு இருட்டாக இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். கிளைகள் ஒவ்வொன்றாக வந்தன. க்ளிப்பின் முனைக்கு அடியிலிருந்து மேலே ஏறுகிற ஒரு மெல்லிய கிளை மட்டும் வரவில்லை. முதல் டையில் வந்த கிளை அது. நான் இருபது எண்ணினேன், முப்பது எண்ணினேன். வரவில்லை.

படே சாப் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். கை அசையவில்லை. என் பக்கம் திரும்பி, அதே மெதுவான குரலில் கேட்டார். "பரமசிவன், டை பூரா கயா?"

டை முழுசாகப் போயிற்றா என்று கேட்டார். ஆமாம் சார் என்று இரண்டு சொல்லில் முடிகிற பதில். அந்தத் தியேட்டரில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"தோடா ட்யூப் மே ரஹ் கயா ஹோகா, சர்" என்றேன். கொஞ்சம் ட்யூபில் தங்கியிருக்கும் சார். கூடவே "சாரி, சர்."

அவர் தலையாட்டினார். வேறு குப்பி இருக்கிறதா என்று கேட்டார். தியேட்டரில் இல்லை, ஸ்டோரிலிருந்து வர அரை மணியாகும் என்றார் தங்கம்மா சிஸ்டர். டாக்டரம்மா அவ்வளவு நேரம் தாங்காது என்றார். டை குறைவாகப் போனதால்தான் சின்னக் கிளை தெரியவில்லை, பெரிய குழாய்கள் நன்றாக ஓடுகின்றன, மூடிவிடலாம் என்று படே சாப் முடிவு செய்தார். என் சொல்லை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். தையல் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்க எனக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நான் சிரிஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டீச்சர் கண் விழித்தார். வலது கை துவண்டு கிடந்தது. ஜெபராஜ் குனிந்து "கனி, கனி" என்று கூப்பிட்டார். டீச்சருக்கு எல்லாம் புரிந்தது, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் திறந்து திறந்து மூடினார். நான் யாரோ கூப்பிட்ட மாதிரி வார்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்கேனில் அந்தக் கிளையின் இடம் கறுத்திருந்தது.

சிக்கலான கேஸ்களைப் பேசும் வாரக் கூட்டத்தில் படே சாப் எழுந்து நின்று சொன்னார். "டை குறைந்துவிட்டது என்று என் டெக்னீஷியன் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டான். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இன்னொரு குப்பி வரும்வரை காத்திருக்காதது என் தப்பு." அன்றிலிருந்து தியேட்டரில் எப்போதும் இரண்டு குப்பி இருக்க வேண்டும் என்று உத்தரவானது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டாத குறை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதையே அவர் ஜெபராஜிடமும் சொல்லியிருக்கிறார். ஜெபராஜ் என்னைத் தேடி வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பு யாருக்கும் வாரதுதான் அண்ணாச்சி. நீங்க மறைக்கலியே. இந்தக் காலத்துல யாரு ஒத்துக்கிடுதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து ஆண்டாப் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு ஒரு ப்ளம் கேக் வந்தது. அப்புறம் வருஷம் தவறாமல் வந்தது. ஒரு துண்டுகூட நான் வாயில் வைத்ததில்லை. சர்க்கரை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், அதுவும் பொய்தான்.

படே சாப் ரிட்டையரான அன்று சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். என் தோளில் கையைப் போட்டு, "யே சச் போல்னேவாலா ஆத்மி" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். உண்மை பேசுகிறவன் நான். அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. மைக்ராஸ்கோப்பில் பதிவான அன்றைய ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால், குழாய்கள் ஒளிர்ந்த பளிச்சிலேயே டை குறையவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். பார்த்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் பார்க்கவில்லை என்பதைக் காட்டி நான் தப்பிக்கவும் முடியாது.

ஷபானா போன் செய்த பிறகு, எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தலை நரைத்துவிட்டது. "இப்ப பத்துப் பதினஞ்சு வார்த்த வருது அண்ணாச்சி, பேசிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் கறி வாங்கப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டை முழுசாகப் போயிருந்தது, எண் இறங்கி ஏறியது, கிளை இருட்டாக இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தே மாற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

வாய் கோணி, முயன்று, ஒரு சொல் வந்தது. "ஏன்?"

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். அது வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஏன்?"

"பழக்கம் டீச்சர். அவரு கேட்டா தப்ப ஒத்துக்கிடுத பழக்கம். எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

"ஏன்?"

மூன்றாவது தடவை கேட்டபோதுதான் எனக்கே அது வெளியே வந்தது. "அந்த நிமிசம் நீங்க என் நெனப்புலயே இல்ல டீச்சர். அவரு முகம் மட்டுந்தான் இருந்துச்சு."

சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல டீச்சர் ஒரு தடவை தலையாட்டினார். பிறகு இடது கையை ஊன்றி, மெதுவாக, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் ஜெபராஜ் எதிரே வந்தார். அவரிடமும் அங்கேயே நின்று சொன்னேன். கையில் கறிப் பையோடு முழுவதும் கேட்டார். "சரி அண்ணாச்சி. போயிட்டு வாங்க" என்றார்.

ஷபானா, புது பேட்சுக்கு இனி இதைச் சொல். கேட்டால் தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்லாதே, நடந்ததைச் சொல்லச் சொல். கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. இந்த வருஷம் கேக் வரவில்லை.